கடல் ஏன் கரையேறுகிறது?

பொதிகையில் தோன்றும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தில் புன்னக்காயல் அமைந்துள்ளது. ஒருபுறம் கடல், மறுபுறங்களில் ஆற்றின் கிளைகளும் உப்பங்கழிகளும். இத்தகைய ஊரில் வாழ்வோர் காற்றையும் நீரையும் கவனியாது ஒரு நாளையும் கழிக்க இயலாது. வள்ளம் கடலில் இறங்குவதும், ஆற்றின் மேற்பால் ஆத்தூர், ஏரல் பகுதிகளில் வாழைத்தார் முற்றுவதும், வெற்றிலைக் கொடிக்கால் தழைப்பதும், நெசவாளர் தெருவில் கஞ்சியிட்ட பாவு காய்வதும் காற்றின் திசையையும் நீரின் அளவையும் பொறுத்தனவே.

சங்க அலுவலை முன்னிட்டு இவ்வட்டாரத்திற்குச் செல்லும்போது அங்கத்தினர் பலர் ஒரு வினாவை நம்மிடம் எழுப்புகின்றனர். "ஐயா, காற்று இவ்வளவு பலமாக அடிக்கிறதே, சுனாமி வந்துவிடுமோ?" என்பதே அது. காற்று ஓய்ந்த நாளில் அவ்வினாவை எவரும் எழுப்புவதில்லை. இவ்விரண்டும் நாம் சிந்திக்கத் தக்கவை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் கடல் கரையேறியபோது பெருங்காற்று ஏதும் வீசவில்லை. 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோதோ காற்றே அதற்குக் காரணமாயிற்று. இரண்டிலும் ஊருக்குள் வந்தது கடல்நீர்தான். ஆயினும் அவற்றின் பிறப்பு வேறு, குறி வேறு, தப்பும் வழியும் வேறு. ஒன்றிற்குரிய குறியை மற்றொன்றிற்கு எதிர்பார்த்து நிற்பது உயிருக்கே இழப்பாகக்கூடும். ஆதலின் இவ்வேறுபாட்டை நம் அங்கத்தினர்கள் தெளிவாக உணரும்பொருட்டு இக்கட்டுரையை எழுதலானோம்.

மூன்று பிறப்பிடங்கள்

கடலை அசைக்கும் சக்திகள் பலவாகத் தோன்றினும் அவற்றை மூன்று பிறப்பிடங்களுக்குள் அடக்கலாம்.

முதலாவது, சூரியனின் வெப்பம். நிலமும் நீரும் சமமாகச் சூடேறுவதில்லை. சூடேறிய இடத்தில் காற்று இலேசாகி மேலெழ, குளிர்ந்த இடத்தின் காற்று அவ்விடம் நோக்கி விரைகிறது. இதுவே காற்றோட்டத்தின் அடிப்படை. பருவக்காற்றும் புயலும் மழையும் ஆற்று வெள்ளமும் கடலின் அன்றாட அலைகளும் இவ்வழியில் வந்தவையே.

இரண்டாவது, சந்திரனின் ஈர்ப்பும் அதனோடு கூடிய சூரியனின் ஈர்ப்பும். இவற்றால் கடல் நாள்தோறும் ஏறியும் வற்றியும் வருகிறது. இதனை ஓதம் என்பர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் மிகும். மன்னார் வளைகுடாவில் இவ்வேற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவே. எனினும் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருக்கும்போது, வள்ளம் உள்ளே வருவதற்கு அந்த அரை மீட்டர் நீரும் பெரிதாகும்.

மூன்றாவது, பூமியின் உட்சூடு. பூமியின் மேலோடு ஒரே துண்டன்று. பல பெரும் பாளங்களாகப் பிரிந்துள்ளது. உள்ளிருக்கும் வெப்பத்தால் இப்பாளங்கள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவில் நகர்கின்றன. ஒரு பாளம் மற்றொன்றின் கீழ்ச் செருகும் இடத்தில் இறுக்கம் பல நூறாண்டுகள் சேர்ந்து, ஒரு நாள் திடீரென விடுபடுகிறது. அப்போது கடலடித் தளம் எழுந்தோ தாழ்ந்தோ விட்டால், அதன்மேல் நின்ற நீர் முழுவதும் அசைகிறது. இதுவே சுனாமி.

ஆகவே காற்றும் சுனாமியும் தாயும் சேயும் அல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளும் அல்ல. அவை சந்திக்கும் இடமே கடல்.

காற்று செய்யும் வேலை

கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை எனத் தமிழர் காற்றிற்குப் பெயரிட்டனர். மேல்காற்றைக் கடலோரத்தார் கச்சான் என்றும் கூறுவர். இப்பெயர்கள் அலங்காரத்திற்கு ஏற்பட்டவை அல்ல. காற்றின் திசை மாறினால் கடலின் குணமும் மாறும்.

அலையின் பெருமை மூன்றைப் பொறுத்தது: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி நீரின்மேல் அது கடக்கும் தொலைவு. புன்னக்காயல் கடலைக் கிழக்கே நோக்கிய ஊர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை பெருகுவதற்குரிய தொலைவு அதற்குக் கிட்டுவதில்லை. கரையில் நிற்பவனுக்குக் கடல் அமைதியாகத் தோன்றும். உள்ளே செல்லச் செல்ல அலை ஓங்கும்; வள்ளத்தையும் கரையை விட்டு அப்பால் தள்ளும். கொண்டலும் வாடையும் வீசும் காலத்திலோ காற்று நெடுந்தூரம் கடலைக் கடந்து வருகிறது. அலை கரையிலேயே வந்து மோதுகிறது. கரையிலிருந்து கண்ட காட்சியை மட்டும் நம்பி, மேல்காற்றுக் காலத்தில் கடலை எளிதாகக் கருதலாகாது என்பது இதனால் விளங்கும்.

அலை நகரும்போது நீர் நகர்கிறதா என்ற ஐயம் பலருக்கு உண்டு. தெருவில் நீட்டிக் கட்டிய பாவின் ஒரு முனையைத் தட்டினால் அசைவு மறுமுனை வரை ஓடுகிறது. நூலிழை இருந்த இடத்திலேயே இருக்கிறது. காற்று எழுப்பும் அலையும் அத்தகையதே. அசைவு முன்னேறுகிறது, நீர்த்துளி ஏறக்குறைய ஒரே இடத்தில் வட்டமிடுகிறது. அவ்வட்டமும் ஆழம் செல்லச் செல்லச் சிறுத்து, அலையின் நீளத்தில் பாதியளவு ஆழத்தில் அற்றுப்போகிறது. 100 மீட்டர் நீளமுள்ள அலை மேலே கொந்தளிக்கும்போது 50 மீட்டர் ஆழத்தில் நீர் பெரும்பாலும் அசையாதிருக்கும். காற்றலை கடலின் மேற்பரப்பைச் சேர்ந்தது என்னும் இவ்வுண்மையை நினைவிற் கொள்க. சுனாமியைப் பற்றிக் கூறும்போது இது பயன்படும்.

காற்றைப் பற்றிப் பயிர் செய்வோர் அறிய வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. வேகம் இரட்டிப்பானால் தள்ளும் விசை இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாங்கி நின்ற வாழை 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு மடங்கு விசையை ஏற்க வேண்டும். தார் சுமந்த மரத்திற்கு முட்டுக்கொடுப்பதும், தோட்டத்தின் மேல்புறத்தில் சவுக்கு முதலிய மரங்களை வரிசையாக வளர்ப்பதும் வீண் செலவல்ல என்பதை இக்கணக்கு காட்டும். கொடிக்காலில் வெற்றிலைக்குப் பற்றுக்கொம்பாக நிற்கும் அகத்தியும் காற்றின் வேகத்தைத் தணிக்கும் வேலியாகவே பயன்படுகிறது.

நிலத்தின்மேல் காற்று செய்த வேலையைக் காண விரும்புவோர் திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரங்களில் உள்ள செம்மணல் தேரிகளைக் காண்க. உலர்ந்த மேல்காற்று நெடுங்காலம் வாரிக் குவித்த மண் அது. பனையும் முந்திரியும் வேரூன்றிப் பிடித்திராவிடில் அம்மணல் ஊரையும் வயலையும் மூடும்.

காற்று தள்ளும் கடற்பெருக்கு

சாதாரண அலை வந்து திரும்பும். புயற்காலத்தில் நிகழ்வது வேறு. கடும் காற்று மணிக்கணக்கில் ஒரே திசையில் நீரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டே இருக்குமானால், நீர் திரும்பிச் செல்ல இடமின்றிக் கடல்மட்டமே உயர்கிறது. இதற்குப் புயற் கடற்பெருக்கு என்று பெயர். புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதும் இதற்குச் சிறிது துணைசெய்கிறது. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். அழுத்தம் 50 மில்லிபார் குறைந்த புயலில் இவ்வகையால் உண்டாகும் உயர்வு அரை மீட்டரே. எஞ்சிய பெரும்பங்கு காற்றினுடையது. கடல் ஆழமற்றதாக இருப்பின் பெருக்கு மேலும் மிகும். அடியில் திரும்பி ஓட இடமில்லையன்றோ?

பாக் நீரிணைப் பகுதி மிகவும் ஆழம் குறைந்தது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில் தாழ்வு மண்டலமாகத் தோன்றிய ஒரு சுழல், கடும்புயலாக வலுத்து இலங்கையைக் கடந்து, 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. கடற்பெருக்கு ஊரை மூடியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் அதிலிருந்த யாவருடனும் அடித்துச் செல்லப்பட்டது. பாம்பன் பாலம் சிதைந்தது. தனுஷ்கோடி குடியிருப்பதற்குத் தகுதியற்ற இடமென அரசினரால் அறிவிக்கப்பட்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்புயல் பிறந்ததற்கும் தாக்கியதற்கும் இடையே ஐந்து நாள்கள் இருந்தன. இன்று விண்கலங்கள் மேலிருந்து புயலை நோக்குகின்றன; இந்திய வானிலைத் துறை நாள்தோறும் அதன் வழியைக் கூறுகிறது; தூத்துக்குடித் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகிறது. புயல் பெரும்பாலும் சொல்லிவிட்டே வருகிறது. ஆயினும் கரைக்கு அருகிலேயே பிறக்கும் புயல் அவ்வவகாசத்தைத் தருவதில்லை. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தோன்றிய ஒக்கி, 29-ஆம் நாள் தாழ்வு மண்டலமாக இருந்து, மறுநாளே புயலாயிற்று. அதற்குச் சில நாள் முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த கன்னியாகுமரி மாவட்டத்தாரும் கேரளத்தாரும் செய்தியை அறிய வழியின்றி அகப்பட்டனர்; பலர் திரும்பவில்லை. எச்சரிக்கை பிறப்பது ஒன்று. அது வள்ளத்தை அடைவது மற்றொன்று.

காற்றில்லாத நாளின் அலை

இனி வேறொரு விந்தையைக் காண்போம். வானம் தெளிந்திருக்கும், காற்று மெலிந்திருக்கும், ஆயினும் கடல் திடீரெனப் பொங்கிக் கரையோர வீதிகளில் புகும். கேரளக் கடலோரத்தார் இதனைக் கள்ளக்கடல் என்பர். கள்வனைப் போலச் சொல்லாமல் வருவதால் இப்பெயர் ஏற்பட்டது. 2012-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இச்சொல்லையே அறிவியற் சொல்லாக ஏற்றது.

இதுவும் காற்றின் பிள்ளையே. ஆனால் நம் ஊர்க் காற்றின் பிள்ளையன்று. தென் துருவத்தை அடுத்த கடலில் பெரும் சூறாவளிகள் வீசும்போது எழும் நீண்ட அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து, சில நாள்களுக்குப் பின் நம் தென்கரையை அடைகின்றன. காற்றைப் பிறந்த இடத்திலேயே விட்டுவிட்டு அலை மட்டும் வருகிறது. 2024-ஆம் ஆண்டு மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர் ஐவர் இத்தகைய கொந்தளிப்பில் மாண்டனர். உள்ளூர்க் காற்றை மட்டும் பார்த்துக் கடலின் இயல்பை முடிவு செய்யலாகாது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

அடித்தளம் அசைந்தால்

ஓர் அண்டாவில் நீர் நிரப்பி மேலே வாயால் ஊதுக, சிற்றலைகள் எழும். பின்னர் அண்டாவின் அடியைத் திடீரென மேல்நோக்கித் தட்டுக. நீர் முழுவதும் குலுங்கும். முன்னது காற்றலை; பின்னது சுனாமி.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6 மணி 29 நிமிடத்திற்குச் சுமத்ராவின் வடமேற்கே கடலடியில் 9-க்கும் மேற்பட்ட அளவிலான நிலநடுக்கம் நேர்ந்தது. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்திற்குப் பாளம் பிளந்து நழுவியது. கடலடித் தளம் பல மீட்டர் அசைந்தது. அதன்மேல் நின்ற நீர் இருபுறமும் அலையாக விரைந்தது.

இவ்வலை கடலின் ஆழத்தைப் பொறுத்து ஓடும். 4,000 மீட்டர் ஆழத்தில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். ஆகாய விமானத்தின் வேகத்திற்கு நிகரானது. 50 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 80. 10 மீட்டர் ஆழத்தில் 36. முன்னோடும் நீர் வேகம் தணிய, பின்வரும் நீர் அதன்மேல் ஏறிக் குவிகிறது. ஆழ்கடலில் அரை மீட்டராக இருந்தது கரையில் பல மீட்டராக ஓங்குவது இதனாலேயே. ஆழ்கடலில் ஓர் அலைமுகட்டிற்கும் அடுத்ததற்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேலும் இருக்கக்கூடும். அங்கே நிற்கும் வள்ளம் அரை மீட்டர் மெல்ல உயர்ந்து தாழ்வதை எவரும் உணரார். ஜப்பானிய மீனவர் கடலில் ஏதும் அறியாமல் திரும்பி வந்து, தம் துறைமுகம் அழிந்து கிடப்பதைக் கண்டனர். அதனாற்றான் அவர்கள் மொழியில் துறைமுக அலை என்னும் பொருள்படச் சுனாமி என்ற பெயர் எழுந்தது.

மேற்பரப்பு மட்டுமே அசையும் காற்றலை கரையில் மோதிச் சிதறி உடனே திரும்பும். அடிமுதல் நுனிவரை நீர் முழுவதும் நகரும் சுனாமியோ பல நிமிடங்கள் தொடர்ந்து உள்ளே வந்துகொண்டே இருக்கும். பின் அதே வலிமையோடு திரும்பும். ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஒரு டன்னுக்கும் சற்று அதிகம் என்பதை எண்ணினால் அதன் தாக்குதல் விளங்கும்.

அலை ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் தமிழ்நாட்டுக் கரையை அடைந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று பௌர்ணமி. எனவே சந்திரனே இதற்குக் காரணம் என்று அன்று பேசினோர் உண்டு. பௌர்ணமி ஓதத்தைச் சிறிது உயர்த்தும்; சுனாமியைப் பிறப்பிக்காது. ஆண்டுதோறும் பன்னிரண்டு பௌர்ணமிகளுக்குக் குறையாது வருகின்றனவே.

நிலநடுக்கம் பெரிதாயின் சுனாமி வந்தே தீரும் என்பதும் இல்லை. 2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம் நேர்ந்தது. நம் கரையோர மக்கள் வெளியேறினர். பேரலை வரவில்லை. அன்று கடலடிப் பாளங்கள் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகர்ந்தன. மேல்கீழாக நீரைத் தூக்கவில்லை. அன்று வெளியேறியவர்கள் ஏமாந்தவர்கள் அல்லர், கற்றவர்கள்.

காற்று சுனாமியைப் பிறப்பிக்காது என்ற விதிக்குச் சிறு விலக்கு உண்டு. 2022-ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று பசிபிக் கடலில் டோங்கா நாட்டின் எரிமலை வெடித்தபோது எழுந்த காற்றழுத்த அலை உலகைப் பலமுறை சுற்றியது. அது கடந்த இடமெல்லாம் கடலில் சிற்றலைகளை எழுப்பிச் சென்றது. காற்றழுத்த மாற்றம் கடலலையின் வேகத்திலேயே ஓடும்போது இவ்வாறு நிகழும். இஃது அரிதினும் அரிது. நம் அன்றாடக் காற்றிற்குப் பொருந்தாது.

இலங்கை என்னும் சுவர்

அதே நாளில் தூத்துக்குடி மாவட்டக் கரை நாகப்பட்டினத்தின் துயரத்தை அடையவில்லை. கிழக்கிலிருந்து வந்த அலைக்கு எதிரே இலங்கை சுவராக நின்றது. அத்தீவு முப்பதினாயிரத்திற்கும் மேற்பட்ட தன் மக்களை இழந்தது. அலை இலங்கையின் தென்முனையைச் சுற்றி வளைந்து கன்னியாகுமரி, குளச்சல் பகுதிகளையும் கேரளத்தையும் தாக்கியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 800 பேர் மாண்டனர். மன்னார் வளைகுடாவின் உட்கரைக்கு வலுக்குறைந்த அலையே வந்தது.

இதனைக் கொண்டு, நமக்குச் சுனாமி இல்லை என்று முடிவு செய்வது தவறு. வளைகுடாவின் தென்புறம் திறந்தே உள்ளது. அலை எத்திசையில் பிறந்து எவ்வாறு வளையும் என்பதை ஒரே நாளின் அனுபவம் காட்டிவிடாது.

வளைகுடாவிற்குள் 21 சிறு தீவுகளும் பவளப் பாறைகளும் அரண்களாக அமைந்திருந்தன. பவளப் பாறையைச் சுண்ணாம்பிற்காகப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தமையாலும் கடல் அரிப்பினாலும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு பெரிதும் சுருங்கியது. பாறையும் அலையாத்திக் காடும் மணல்மேடும் காற்றலையின் வலிமையை வெகுவாகக் குறைப்பவை. புன்னக்காயல், பழைய காயல் கழிகளில் உள்ள அலையாத்தி மரங்களை விறகென எண்ணுவோர் இதனை உணர்வார்களாக.

பின்புறமிருந்து வந்த நீர்

கடலையே நோக்கி அஞ்சிக்கொண்டிருந்த ஊருக்கு 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் நீர் பின்புறமிருந்து வந்தது. டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் குமரிக் கடலை ஒட்டி நிலைகொண்ட காற்றுச் சுழற்சியால் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இம்மாவட்டம் ஓர் ஆண்டில் பெறும் சராசரி மழையினும் இது மிகுதி. ஒரு ஏக்கர் நிலத்தின்மேல் ஏறத்தாழ 3,800 டன் நீர் விழுந்தது எனக் கணக்கிடலாம். தாமிரபரணி கரைகடந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகள் ரயில் வெள்ளத்தின் நடுவே நின்றது. புன்னக்காயல் வெளியுலகத் தொடர்பற்றுத் தனித்து நின்றது. வாழைத் தோட்டங்களும் நெல்வயல்களும் நீரில் அமிழ்ந்தன.

இவ்வூர் நிற்கும் நிலமே ஆறு கொணர்ந்த வண்டலால் ஆயது. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலினின்று சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டெழுதிய காயல் அதன்பின் துறையாக விளங்கியது. அதுவும் மணலால் மேடிட்டுப் பழைய காயலாயிற்று. துறை மேலும் கிழக்கே நகர்ந்து புன்னக்காயலை அடைந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் ஐயர் இவ்விடங்களை அகழ்ந்து ஆராய்ந்து இவ்வரலாற்றை எழுதினார். ஆறு மண்ணைக் கொணர்கிறது. காற்றெழுப்பும் அலை அம்மண்ணைக் கரையோரமாக இழுத்து மேடிடுகிறது. வறண்ட மாதங்களில் முகத்துவாரம் குறுகுகிறது. பின்னர் வெள்ளம் வரும்போது நீர் கடலுக்கு ஓட வழியின்றி ஊருக்குள் பரவுகிறது. அந்நேரம் கொண்டல் வீசிக் கடல்மட்டம் சிறிது உயர்ந்திருந்தால் வடிவது மேலும் தாமதிக்கும்.

பிறப்பால் வேறுபட்ட சக்திகள் இவ்வாறு ஒன்றுக்கொன்று துணையாகும் நாளே கொடிய நாள். புயற்பெருக்கு ஓத ஏற்றத்தோடு கூடினும், ஆற்றுவெள்ளம் கடற்காற்றோடு கூடினும், தனித்தனியே தாங்கத்தக்கது தாங்கலாகாததாகும்.

தப்பும் வழிகள் ஒன்றல்ல

இதுவரை கூறியவற்றின் பயன் இங்கேதான் உள்ளது. புயல் எச்சரிக்கை கேட்டால் கடலில் உள்ள வள்ளம் கரைக்குத் திரும்ப வேண்டும். சுனாமி எச்சரிக்கை கேட்டால் ஆழ்கடலில் உள்ள வள்ளம் கரைக்குத் திரும்பவே கூடாது. 100 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தை நோக்கிச் செல்ல வேண்டும். இரண்டு கட்டளைகளும் நேர் எதிரானவை. எந்த அலை என்று அறியாதவன் இரண்டில் ஒன்றில் தவறுவான்.

கரையில் உள்ளோர் புயலின்போது உறுதியான கட்டடத்தில் இருத்தல் வேண்டும். பெருக்கெடுக்கும் தாழ்வான இடமாயின் முன்கூட்டியே வெளியேற வேண்டும். சுனாமியின்போது கடலை விட்டு மேட்டிற்கோ மாடிக்கோ விரைய வேண்டும். ஆற்றங்கரை வழியாக ஓடலாகாது; அலை ஆற்றின் வழியாகவும் ஏறி வரும். கடல் முதலில் உள்வாங்கும் என்று காத்திருத்தலும் தவறு. 2004-இல் இந்தியக் கரைக்கு முதலில் வந்தது அலையின் முகடே. பல இடங்களில் அதன் பின்னரே கடல் உள்வாங்கியது. முதல் அலை திரும்பியதும் பொருள்களை எடுக்கக் கீழிறங்குவதும் ஆகாது. அடுத்தடுத்த அலைகள் சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரம் கழித்தோ வரலாம். பின்னது பெரிதாகவும் இருக்கலாம். தொலைவில் நேர்ந்த நிலநடுக்கத்தை நம் ஊரில் உணராமலும் போகலாம். ஐதராபாத்தில் 2007 அக்டோபர் முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை நிலையம் நிலநடுக்கம் நேர்ந்த சில நிமிடங்களில் செய்தி தருகிறது. அச்செய்தியே நமக்குக் கண்ணும் செவியும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

தனி மனிதனால் இயலாதது கூடிச் செய்தால் இயலும் என்பதே கூட்டுறவின் அடிப்படை. பின்வருவனவற்றைச் சங்கங்கள் மேற்கொள்ளலாம்.

ஒன்று: சங்கக் கட்டடத்தின் பலகையில் மழைக்காலம் முழுவதும் வானிலை அறிவிப்பை நாள்தோறும் எழுதுக. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநில எண் 1070 ஆகியவற்றை அதன் தலைப்பில் பொறித்து வைக்கலாம்.

இரண்டு: பேரேடு, அங்கத்தினர் பதிவேடு, கடன் பத்திரங்கள், நகைக்கடன் ஆவணங்கள் ஆகியவற்றைத் தரையை ஒட்டிய பெட்டிகளில் வைத்தல் ஆகாது. உயரமான அடுக்கில் வைப்பதோடு, அவற்றின் படியை வேறோர் ஊரிலும் காத்தல் நன்று. ஏடு நனைந்தால் அங்கத்தினரின் உரிமையும் நனைந்ததாகும்.

மூன்று: கிடங்கில் உரமூட்டை, நெல்மூட்டை, நூற்கட்டு எதனையும் தரையில் அடுக்கற்க. நெசவாளர் வீடுகளில் குழித்தறியின் குழியே முதலில் நிரம்பும். வெள்ள எச்சரிக்கை கேட்டவுடன் பாவையும் அச்சையும் விழுதையும் கழற்றி மேலே ஏற்றுவதற்கு அண்டை வீட்டார் இருவர் துணை வேண்டும். இன்னார்க்கு இன்னார் துணை என்பதை மழைக்கு முன்பே சங்கம் வகுத்துவிடுவது நலம்.

நான்கு: பயிரிடுவோர் காப்பீட்டு ரசீதையும் அடங்கல் நகலையும் கைவசம் வைத்திருக்க வேண்டும். இழப்பு நேர்ந்தால் நாளும் நேரமும் காரணமும் உடனே எழுதப்பட வேண்டும். காற்றில் சாய்ந்த வாழை வேறு. வெள்ளத்தில் அழுகிய வாழை வேறு. உப்புநீர் ஏறிய வயல் வேறு. நிவாரணப் பட்டியலில் காரணம் கேட்கப்படும்போது தெளிவாகக் கூற இயலாதவர் பின்தங்கிவிடுவர்.

ஐந்து: முகத்துவாரத்து மணலும், கரையோர அலையாத்தியும், தேரியின் பனையும் எவருடைய தனிச்சொத்தும் அல்ல, யாவருக்கும் பொதுவான அரண். மீனவர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் நெசவாளர் சங்கமும் ஒன்றுகூடி இவற்றின் பாதுகாப்பைக் கோரினால் அக்குரல் வலிமை பெறும். மேலூரில் வெட்டிய மரத்தின் பயனைக் கீழூர் அனுபவிக்கிறது என்பதை டிசம்பர் வெள்ளம் நமக்கு உணர்த்திற்று.

சூரியனின் வெப்பத்தையோ, சந்திரனின் ஈர்ப்பையோ, பூமியின் உட்சூட்டையோ தடுக்க எந்தச் சங்கத்தாலும் இயலாது. அவை அனுப்பும் செய்தியைப் பிரித்தறிந்து, அதற்குரியதை அதற்குரிய நேரத்தில் செய்வது நம் கையில் உள்ளது. பெருங்காற்று வீசும் நாளில் சுனாமிக்கு அஞ்ச வேண்டுவதில்லை. முட்டுக்கொடுத்த வாழையையும் கட்டி வைத்த வள்ளத்தையும் கவனித்தால் போதும். வானம் தெளிந்த நாளில் எச்சரிக்கை வந்தால், வானத்தைப் பார்த்து அதனை ஐயுறாது உடனே மேட்டிற்குச் செல்வோமாக.